விளிம்பிலிருந்து ஓர் அடி பின்னால்: 2013 ‘டூம் ரெய்டர்’ மறுதொடக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

பல ஆண்டுகளாக வெளிவந்துகொண்டிருக்கும் ஒரு வீடியோ கேம் தொடரை முதலிலிருந்து தொடங்குவதென்று ஒரு நிறுவனம் முடிவெடுத்தால், பேச்சு பெரும்பாலும் கதாபாத்திரத்தின் தோற்றத்தையும் கதையையும் சுற்றியே நடக்கிறது. வயது என்ன, உடை என்ன, பழைய கதையில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்பவை முதல் நாளிலேயே விவாதத்துக்கு வந்துவிடுகின்றன. விளையாடுபவரின் விரல்கள் என்ன செய்யப்போகின்றன என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. சில சமயம் வராமலே போய்விடுகிறது. 2013 மார்ச் 5 அன்று வெளியான ‘டூம் ரெய்டர்’ இதைப் புரிந்துகொள்ள உதவும் மிகச் சிறந்த நிகழ்வு என்று நான் கருதுகிறேன். பழங்காலக் கல்லறைகளில் தேடி அலையும் அதன் நாயகி லாரா கிராஃப்ட் என்ற மனுஷியை அது மீண்டும் உருவாக்கிய விதம் வெற்றி பெற்றது. லாராவைக் கொண்டு நாம் செய்யும் செயலை அது மீண்டும் உருவாக்கிய விதம் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதிப் பாதியைக் கடக்க இன்னும் இரண்டு விளையாட்டுகள் தேவைப்பட்டன.

ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். பழைய விளையாட்டையே புதிய ஓவியத் தரத்தில் மெருகேற்றி வெளியிடுவதை ரீமாஸ்டர் என்கிறோம். இங்கே பேசப்படும் மறுதொடக்கம், அதாவது ரீபூட், அதுவன்று. பழைய கதைகள் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அதே பெயரில் புதிதாகத் தொடங்குவதே இது.

1996: கட்டங்களால் ஆன உலகம்

முதல் ‘டூம் ரெய்டர்’ இங்கிலாந்தின் டெர்பி நகரில் இயங்கிய கோர் டிசைன் என்ற ஸ்டூடியோவில் உருவானது. லாராவை வடிவமைத்தவர் டோபி கார்ட். ஐடாஸ் நிறுவனம் 1996-இல் அதை வெளியிட்டது. அந்த விளையாட்டின் புகழைப் பற்றிப் பேசுபவர்கள் லாராவின் இரட்டைத் துப்பாக்கியையும் தோற்றத்தையும் சொல்வார்கள். ஆனால் அதை உட்கார்ந்து விளையாடியவர்களின் கையில் தங்கியிருப்பது வேறு ஒன்று.

அந்த உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள சதுரக் கட்டங்களால் ஆனது. நின்ற இடத்திலிருந்து தாவினால் எவ்வளவு தூரம், ஓடித் தாவினால் எவ்வளவு தூரம், தாவி விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் எவ்வளவு தூரம் என்பவை எல்லாம் அந்தக் கட்டங்களின் கணக்கில் மாறாமல் நிலைத்திருந்தன. எனவே ஒரு பள்ளத்தின் முன் நிற்பவர் முதலில் செய்வது அளப்பதுதான். மெல்ல நடக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு விளிம்பு வரை போனால், லாரா விழாமல் சரியாக ஓரத்தில் நிற்பாள். அங்கிருந்து பின்பக்கம் ஒருமுறை துள்ளினால், ஓட்டத்துக்குத் தேவையான இடைவெளி துல்லியமாகக் கிடைத்துவிடும். பிறகு முன்னே ஓடத் தொடங்கித் தாவும் பொத்தானை அழுத்தினால், விளிம்பின் கடைசிப் புள்ளியில் அவள் கால் தரையை விட்டு எழும். எதிர்ப்பக்கம் கைக்கு எட்டும் நேரத்தில் பிடிக்கும் பொத்தானையும் நாம்தான் அழுத்த வேண்டும். மறந்தால் விழுந்தாள். அந்தச் சில நொடிகளில் திரையில் எதிரி யாருமில்லை, இசையும் இல்லை. நேதன் மக்ரீயின் இசை ஏதேனும் கண்டறியப்படும் தருணங்களுக்காகவே பெரும்பாலும் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. கல்லறையின் காற்றொலியும் நம் கணக்கும் மட்டும்தான் இருந்தன. ஓநாய்களும் கரடிகளும் வரும், பெரு நாட்டுப் பள்ளத்தாக்கில் ஒரு டைனோசரே வரும். ஆனால் அந்த விளையாட்டு முழுவதிலும் லாரா எதிர்கொள்ளும் மனித எதிரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆக இந்தத் தொடரின் மையச் செயல் அளந்து தாவுவது. அதன் மைய உணர்வு தனிமை. பின்னால் நடந்தவற்றை எடைபோட இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

1996-இலிருந்து 2000 வரை ஐந்து ஆண்டுகளில் ஐந்து விளையாட்டுகள் வந்தன. ஆண்டுக்கு ஒன்று என்ற அந்த வேகம் படைத்தவர்களையே சோர்வடையச் செய்தது. 1999-இல் வந்த விளையாட்டின் இறுதியில் லாராவை எகிப்தில் இடிபாடுகளுக்குள் புதைத்தே விட்டார்கள். 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக உருவான ‘ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்’ பலமுறை தள்ளிப்போய், முழுமை பெறாத நிலையில் வெளிவந்தது. அதன் பிறகு கோர் டிசைனிடமிருந்து தொடர் பறிக்கப்பட்டு, கலிபோர்னியாவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ் ஸ்டூடியோவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பலர் மறந்துவிட்ட முதல் மறுதொடக்கம்

2013-இல் நடந்தது இரண்டாவது மறுதொடக்கம் என்பது பல நேரங்களில் விட்டுப்போகிறது. 2006-இல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் வெளியிட்ட ‘லெஜெண்ட்’ லாராவின் குடும்பக் கதையை மாற்றி எழுதியது, கட்டுப்பாட்டையும் மென்மையாக்கியது. கட்ட உலகம் போய், சீரான அசைவு வந்தது. விளிம்பைப் பிடிக்கப் பொத்தான் அழுத்தும் தேவையும் பெரும்பாலும் நீங்கியது. லாராவின் காதில் ஒரு கருவி பொருத்தப்பட்டு, தொலைவிலிருந்து இரு நண்பர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். விளையாட்டாக அது நன்றாகவே இருந்தது, வரவேற்பும் பெற்றது. ஆனால் தனிமை என்ற சொத்து முதன்முதலில் செலவழிக்கப்பட்டது இங்கேதான். 2007-இல் முதல் விளையாட்டின் மறுஆக்கமும் 2008-இல் ‘அண்டர்வேர்ல்ட்’ விளையாட்டும் வந்தன. பின்னது வட அமெரிக்காவில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2009-இல் ஐடாஸ் நிறுவனத்தை ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் வாங்கியது.

இதற்கிடையே போட்டிக் களம் மாறியிருந்தது. 2007-இல் வெளியான ‘அன்சார்ட்டட்’, 2009-இல் வெளியான அதன் இரண்டாம் பாகம் ஆகியவை புதையல் தேடும் சாகசம் என்ற களத்தையே தம் வசமாக்கிக்கொண்டன. ‘டூம் ரெய்டர்’ போட்ட பாதையில் வந்தவர்கள் அதையே பழையதாகத் தோன்றச் செய்துவிட்டார்கள். இரண்டாவது மறுதொடக்கத்துக்கான உடனடி அழுத்தம் இங்கிருந்தே பிறந்தது என்று கொள்ளலாம்.

கைவிடப்பட்ட வரைவும் தீவும்

கிரிஸ்டல் டைனமிக்ஸ் முதலில் முயன்று பார்த்தது நாம் அறிந்த விளையாட்டை அல்ல. ‘அசென்ஷன்’ என்று அழைக்கப்பட்ட அந்த ஆரம்ப வரைவில் பேருருக் கொண்ட அசுரர்கள் இருந்தார்கள், குதிரைச் சவாரி இருந்தது, லாராவுடன் ஒரு சிறுமியும் வந்தாள். திகில் விளையாட்டுகளின் சாயலும், பிரம்மாண்டமான உருவங்களோடு மோதும் ஜப்பானிய விளையாட்டுகளின் சாயலும் அதில் தெரிந்தன. அந்த வரைவு படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதிலிருந்து எஞ்சியது தீவும், அங்கே உயிர்தப்பிப் பிழைக்கும் போராட்டமும்தான்.

2010 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய வடிவத்தில் லாராவுக்கு வயது 21. அவள் பயணம் செய்யும் எண்டூரன்ஸ் கப்பல் ஜப்பானுக்குத் தெற்கே உடைந்து, யமதாய் தீவில் அவள் கரை ஒதுங்குகிறாள். தீவின் பின்னணியில் ஹிமிகோ அரசியின் தொன்மக்கதை இருக்கிறது. முதன்மை எழுத்தாளராக ரியானா பிராட்செட் பணியாற்றினார்; லாராவுக்குக் குரலும் உடலசைவும் தந்தவர் கமில்லா லடிங்டன். 2012-இல் வருவதாக இருந்த விளையாட்டு 2013-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2012-இல் காட்டப்பட்ட முன்னோட்டத்தில் லாரா பிடிபட்டு மிரட்டப்படும் காட்சியும், அதைப் பற்றித் தயாரிப்புத் தரப்பிலிருந்து வந்த விளக்கங்களும் கடுமையான கண்டனத்தைச் சந்தித்தன. பாலியல் வன்முறை இந்த விளையாட்டின் கருப்பொருள் அல்ல என்று ஸ்டூடியோ அறிக்கை வெளியிட நேர்ந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்பதே என் கருத்து. ஒரு பெண்ணின் வலிமையைக் காட்ட அவளைத் தொடர்ந்து துன்புறுத்துவதே வழி என்ற எண்ணம், வெளிவந்த விளையாட்டிலும் பல இடங்களில் எஞ்சியிருந்தது. இரும்புக்கம்பி விலாவில் ஏறுவதோடு தொடங்கி, லாராவின் உடல் படும் பாடு தேவைக்கு மேல் நீள்கிறது.

ஆனாலும் கதாபாத்திரத்தை மீட்டெடுத்த பணி உண்மையானது. முந்தைய லாரா எதற்கும் அஞ்சாதவள். எனவே அவளுக்கு என்ன நேருமோ என்ற கவலை நமக்கு எழுவதில்லை. புதிய லாரா மூச்சிரைக்கிறாள், தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாள், குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள், குறுகலான குகைச் சுவரில் நாம் எதுவும் அழுத்தாமலேயே கையை ஊன்றிக்கொள்கிறாள். இந்தச் சிறு அசைவுகளில்தான் 2013-இன் மிகச் சிறந்த உழைப்பு இருக்கிறது.

மானும் மனிதனும்

இந்த நிகழ்வின் உள்முரண்பாட்டைக் காண, விளையாட்டின் முதல் மணி நேரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு காட்சிகளை நெருங்கிப் பார்த்தால் போதும்.

மரத்தில் தொங்கும் ஒரு பிணத்திடமிருந்து லாரா ஒரு வில்லை எடுக்கிறாள். பசி. காட்டில் ஒரு மானைக் கண்டு அம்பெய்கிறாள். நாம்தான் குறிபார்க்கிறோம், நாம்தான் விடுகிறோம். மான் விழுந்ததும் கேமரா நெருங்குகிறது. அவள் அதன் அருகே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைக்கிறாள். ஓர் உயிரைக் கொல்வது இவளுக்கு எளிதல்ல என்பதை நம் கையாலேயே நமக்கு உணர்த்தும் இடம் இது. இத்தகைய காட்சிக்காகத்தான் மறுதொடக்கம் தேவைப்பட்டது என்று சொல்லும் அளவுக்கு அது பொருந்தி அமைகிறது.

சற்று நேரம் கழித்து, கைகள் கட்டப்பட்ட நிலையில் ஒளிந்திருக்கும் அவளை ஒருவன் கண்டுபிடிக்கிறான். போராட்டம் நடக்கிறது, நேரத்துக்குப் பொத்தான் அழுத்தத் தவறினால் அவள் இறந்துபோவாள். துப்பாக்கி அவள் கைக்கு வருகிறது, வெடிக்கிறது. அவன் உடனே சாகவில்லை. அவள் நிலைகுலைந்து தேம்புகிறாள். லாராவின் முதல் மனிதக் கொலை இது.

அதன் பிறகு சில நிமிடங்களே ஆகின்றன. அதே துப்பாக்கியுடன் அவள் அடுத்த மறைவிடத்துக்கு நகர்கிறாள், இரண்டு பேர் வருகிறார்கள், நாம் சுடுகிறோம், அனுபவப் புள்ளிகள் திரையில் எழுகின்றன. விளையாட்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போய்விடுகிறது. தலையில் சுட்டால் கூடுதல் புள்ளி. எழுத்தாளர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை: கொன்றது எளிதாக இருந்திருக்காது என்று வானொலியில் வழிகாட்டி ராத் சொல்லும்போது, எவ்வளவு எளிதாக இருந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது என்று லாரா பதில் சொல்கிறாள். நல்ல வசனம். ஆனால் ஒரு வசனம், அதற்குப் பின் வரும் பத்து மணி நேரத்தைச் சுமக்க முடியாது.

மானின் கதையும் இதேதான். முதல் மானுக்குப் பிறகு பசி என்ற ஒன்று விளையாட்டில் கிடையாது. எத்தனை மான்களை வேட்டையாடினாலும் அவை புள்ளிகளாக மாறுகின்றன, அவ்வளவே. பிழைத்திருப்பது என்று பெயர் சூட்டப்பட்ட விளையாட்டில் பிழைத்திருப்பதற்கான செயல் ஒருமுறை நிகழ்ந்து மறைந்துவிடுகிறது. கதை ஒரு பெண்ணைப் புதிதாகப் படைக்கிறது. விரல்களுக்குத் தரப்படும் வேலை, அன்றைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இருந்த வேலைதான். கதை சொல்வதும் செயல் சொல்வதும் முரண்படுவதை விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இலேயே வேறொரு விளையாட்டை முன்வைத்து விவாதித்திருந்தார். அந்த விவாதத்துக்கு 2013 லாராவைப் போலத் தெளிவான சான்று அரிது.

கல்லறைகள் என்ன ஆயின? தொடரின் பெயரிலேயே இருக்கும் கல்லறைகள், இந்த விளையாட்டில் விருப்பமிருந்தால் போகலாம் என்ற நிலைக்கு ஒதுக்கப்பட்டன. அப்படி ஏழு சிறு கல்லறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புதிர், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். புதிர் புரியாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்: உலகம் சாம்பல் நிறமாகி, பயன்படும் பொருள்கள் மட்டும் மஞ்சளாக ஒளிரும். ஏறக்கூடிய விளிம்புகளில் வெள்ளைப் பூச்சு இருந்தது. லாரா தானாகவே பற்றிக்கொண்டாள். அளப்பதற்கு எதுவும் மீதமில்லை. மாறாக, ஸ்டூடியோவுக்கு வெளியே ஐடாஸ் மான்ட்ரியாலில் தயாரான பலர் சேர்ந்து விளையாடும் பகுதிக்கு உழைப்பு செலவிடப்பட்டது. தனிமையே அடையாளமான ஒரு தொடருக்கு அது பொருந்தவில்லை, நிலைக்கவும் இல்லை.

மூன்று வாரத்தில் எழுதப்பட்ட தீர்ப்பு

வணிகக் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நான்கு வாரங்களில் 34 லட்சம் பிரதிகள் விற்றன. ஆனால் 2013 மார்ச் 26 அன்று, அதாவது வெளியான மூன்றே வாரத்தில், ஸ்கொயர் எனிக்ஸ் அந்த நிதியாண்டுக்கு 1,300 கோடி யென் இழப்பை முன்னறிவித்தது; எதிர்பார்ப்புக்குக் கீழே விற்றவற்றின் பட்டியலில் ‘டூம் ரெய்டர்’ பெயரும் இருந்தது; தலைவர் யோய்ச்சி வாடா பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. பிறகு விற்பனை நிற்கவில்லை. 2021-க்குள் அது 1 கோடியே 45 லட்சம் பிரதிகளைத் தாண்டி, தொடரிலேயே அதிகம் விற்ற விளையாட்டானது. மறுதொடக்கம் என்பது ஒரு பெயரின் மீதான நம்பிக்கையைத் திரும்பக் கட்டும் வேலை. அதன் பலனை முதல் மாதக் கணக்கில் தேடியது நிர்வாகத்தின் பிழை.

எதிர்த் திசையில் சென்ற இருவர்

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு விளையாட்டுகள் உதவும். 2013 ஜனவரியில் வந்த ‘டிஎம்சி: டெவில் மே கிரை’ மறுதொடக்கத்தில் நாயகன் டான்டேயின் வெள்ளை முடி கருப்பானது பற்றியே ரசிகர்களின் கூச்சல் எழுந்தது. ஆனால் வேகமான வாள்சண்டைக்குப் பெயர்பெற்ற அந்தத் தொடர், விளையாட்டுக் கருவிகளான கன்சோல்களில் நொடிக்கு 60 சட்டகங்கள், அதாவது 60 படங்கள், என்ற வழக்கத்திலிருந்து 30-க்கு இறங்கியதுதான் கைகளை உறுத்திய மாற்றம். 2015-இல் வந்த திருத்திய பதிப்பு அதை 60-க்கு உயர்த்தியபோது, அதே கருமுடி நாயகன் முன்பைவிட அதிகம் ஏற்றுக்கொள்ளப்பட்டான்.

2018 ஏப்ரலில் வந்த ‘காட் ஆஃப் வார்’ இன்னும் ஆழமான பாடம். இயக்குநர் கோரி பார்லாக் கதையை அழிக்கவில்லை. கிரேக்கக் கடவுள்களைக் கொன்ற அதே கிரேட்டோஸ், வயதேறி, வட ஐரோப்பியத் தொன்ம உலகில் மகனோடு நடக்கிறான். அவர் முழுவதுமாக மாற்றியது செயலை. சங்கிலி வாள்களுக்குப் பதில் ஒரு கோடரி. எறிந்தபின் ஒரு பொத்தானை அழுத்தினால் அது காற்றைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து உள்ளங்கையில் மோதும், கன்ட்ரோலர் அதிரும். எதிரி யாரும் இல்லாத இடத்திலும் அதைச் சும்மா எறிந்து அழைத்துப் பார்க்கத் தோன்றும். ‘டூம் ரெய்டர்’ செய்ததன் நேர் எதிர்த் தலைகீழ் இது: கதை தொடர்ந்தது, கை புதிதாகத் தொடங்கியது. அந்தப் புதிய செயலும் தந்தையின் கட்டுப்படுத்தப்பட்ட ஆத்திரம் என்ற கதையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

திரும்பி வந்த கல்லறைகள்

கிரிஸ்டல் டைனமிக்ஸ் தன் பிழையை அறிந்திருந்தது என்பதற்கு 2015 நவம்பரில் வந்த ‘ரைஸ் ஆஃப் தி டூம் ரெய்டர்’ சான்று. கல்லறைகள் பெரிதாயின, புதிர்கள் பல கட்டங்களாக விரிந்தன, அவற்றைத் தீர்த்தால் கிடைக்கும் திறன்கள் மற்ற இடங்களிலும் பயன்பட்டன. சண்டையைத் தவிர்த்து மறைந்து செல்லவும் கூடுதலாக வழி கிடைத்தது. இந்த விளையாட்டு முதல் ஓராண்டு அளவில் கன்சோல்களில் எக்ஸ்பாக்ஸில் மட்டுமே முடங்கியதால் பிளேஸ்டேஷன் ரசிகர்கள் காத்திருக்க நேர்ந்தது; அதனால் அது பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

2018 செப்டம்பரில் ஐடாஸ் மான்ட்ரியால் முன்னின்று உருவாக்கிய ‘ஷேடோ ஆஃப் தி டூம் ரெய்டர்’ இன்னொரு அடி எடுத்து வைத்தது. துப்பாக்கிச் சண்டைகள் குறைந்து, நீருக்கடியிலும் பாறை இடுக்கிலும் தனியே செல்லும் நேரம் கூடியது. கடினத்தன்மை மூன்றாகப் பிரிக்கப்பட்டது: சண்டைக்கு ஒன்று, புதிருக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று. விளையாடுபவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். தேடலைக் கடினத்தில் வைத்தால், 2013 முதல் விளிம்புகளை மூடியிருந்த வெள்ளைப் பூச்சு மறைந்துவிடும். அப்போது பெரு நாட்டின் ஒரு பாறைச் சுவர் முன் நிற்கும் விளையாடுபவர், எந்தப் பிளவில் விரல் நுழையும், எந்த முனை எடையைத் தாங்கும் என்று கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சுவரைப் படிக்கும் வேலை ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரிடம் திரும்பியிருக்கிறது.

2022-இல் ஸ்டூடியோக்களும் தொடரின் உரிமையும் ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமத்துக்குப் போயின. 2024 பிப்ரவரி 14 அன்று, லாராவின் பிறந்தநாளாகக் குறிக்கப்படும் நாளில், முதல் மூன்று விளையாட்டுகளும் ரீமாஸ்டராக வெளிவந்தன. ஒரு பொத்தானில் பழைய தோற்றமும் புதிய தோற்றமும் மாறும். கட்டுப்பாட்டிலும் பழையது, நவீனமானது என இரண்டு உண்டு. நவீனக் கட்டுப்பாட்டில் கன்ட்ரோலரின் குச்சியைப் பின்னால் இழுத்தால் லாரா துள்ளுவதில்லை. திரும்பி நம்மை நோக்கி ஓடி வருகிறாள். தாவல்களின் தூரமோ இன்னும் அதே கட்டங்களில்தான் இருக்கிறது. அதனால் புதிதாக வந்தவர்களிலும் பலர், சில பள்ளங்களில் விழுந்தபின், அமைப்புகளைத் திறந்து பழைய கட்டுப்பாட்டுக்கு மாறி, விளிம்பு வரை மெல்ல நடந்து, ஓர் அடி பின்னால் துள்ளி நிற்கிறார்கள்.